அந்தக் கால்குலேட்டர் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்: ஒரு திறந்த மடல்

கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் கணிதத் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

முதலாமாண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் சமன்பாட்டுக்கு வளைகோடு வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கியாக வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை, மடித்து மடித்து நைந்துபோய் என் கைக்கு வந்தது. கொண்டு வந்தவர் கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அம்மா. மகள் உங்கள் கல்லூரியில் முதலாமாண்டு. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிக்கும்வரை தங்கச்சிமடத்தில் என் மாலை வகுப்பில் படித்த பிள்ளை அவள். "டீச்சர், இது என்ன மிசினு? இது இல்லாட்டி உள்ள விட மாட்டாங்களாம்ல?" என்று கேட்டார் அந்த அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் காதைத் தொட்டுக் காட்டி, "இத வச்சா எவ்வளவு குடுப்பாக?" என்றும் கேட்டுவிட்டார்.

தோட்டைக் கழற்ற நான் விடவில்லை. "நாலு நாள் பொறுங்கக்கா, நான் பேசிப் பாக்குறேன்" என்றேன். இருவருமாக உங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு, "எல்லாரும் வாங்கிட்டாங்க, உங்க ஒருத்தருக்காக ரூல மாத்த முடியுமா?" என்ற பதிலோடு திரும்பினோம். மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. அதற்குள் அந்தப் பெண் இரண்டு டுடோரியல் வகுப்புகளில் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறாள். கருவி கொண்டு வராதவர்களுக்கு இன்டர்னல் மார்க்கில் ஐந்து குறையும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும், அது போதும்.

சுற்றறிக்கையில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, மாடல் எண் இருக்கிறது, வாங்க வேண்டிய கடையின் பெயரும் இருக்கிறது. விலை மட்டும் இல்லை. கடையில் கேட்டோம். 11,500 ரூபாய்.

இந்தத் தொகை கடற்கரையில் எவ்வளவு பெரியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும். அந்த 61 நாளுக்கும் சேர்த்து ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அந்தப் பெண்ணின் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். தடைக்காலம் முடிந்தாலும் இங்கே படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். எல்லைப் பக்கம் பிரச்சினை என்று கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனை நிறுத்தினால் அதுவும் இல்லை. அம்மா விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கிப் பாசி பறிக்கிறார். அமாவாசை, பௌர்ணமி நீரோட்டம் பார்த்து மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் அந்த வேலை கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்து வந்ததால் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நீங்கள் கேட்பது அவளுடைய பதினொன்றரை மாதப் பணம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததால் அவளுடைய கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆக, அந்த வீட்டிலிருந்து உங்கள் கல்லூரி இதுவரை கேட்ட தொகைகளிலேயே பெரியது இந்தக் கால்குலேட்டர்தான்.

நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த கதையை எங்கள் இராமேஸ்வரம் தீவில் பெருமையாகத்தான் சொல்வோம். அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர, அவருடைய சகோதரி ஜோஹ்ரா தன் நகைகளை அடகு வைத்தார். அது சேர்க்கைக் கட்டணம். கட்டாவிட்டால் படிப்பே இல்லை. இன்று என் முன்னால் நின்ற அம்மா தோட்டைக் கழற்ற நினைத்தது எதற்காக? உங்கள் பாடத்திட்டத்தில் எந்தக் கேள்விக்கும் தேவைப்படாத, உங்கள் தேர்வறைக்குள்ளேயே நுழைய முடியாத ஒரு கருவிக்காக.

நுழைய முடியாது என்று நானாகச் சொல்லவில்லை. போன ஆண்டு உங்கள் கல்லூரியில் படித்து முடித்த பையன் ஒருவனிடம் அவனுடைய ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். புரோகிராம் எழுத முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர் மட்டுமே அனுமதி என்று அதில் அச்சிட்டிருக்கிறது. நீங்கள் வாங்கச் சொல்லும் மாடலில் புரோகிராம் எழுதலாம், சேமிக்கலாம், பைத்தான் என்ற கணினி மொழிகூட ஓடும். செமஸ்டர் முழுவதும் இதில் பழகிய பிள்ளை, தேர்வன்று காலையில் இதை வீட்டில் வைத்துவிட்டு, விசைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும் இன்னொரு கால்குலேட்டரோடு போய் உட்கார வேண்டும். அந்த இன்னொன்றையும் அவள்தான் வாங்க வேண்டும். படிப்பு முடிந்து, முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் தேர்வு எழுதப் போனால் கையில் எதையுமே கொண்டு போக முடியாது, கணினித் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் இருக்கும். யுபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணித் தேர்வில் விரிவாக விடை எழுதும் தாள்களுக்குக் கால்குலேட்டர் உண்டு, ஆனால் அங்கேயும் புரோகிராம் எழுத முடியாத வகைதான். இந்தப் பிள்ளைகள் போகப்போகிற எந்தத் தேர்வறையின் வாசலிலும் உங்கள் 11,500 ரூபாய்க் கருவி வெளியேதான் நிற்கும்.

இந்தக் கருவியின் மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. ஒரு சமன்பாட்டைத் தட்டியதும் கண்முன்னே வளைகோடு எழுந்து வருவதைப் பார்க்கிற பிள்ளையின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் காட்ட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். அதற்கு நீங்கள் பிடித்த வழிதான் தவறு.

உலகின் முதல் கிராஃபிங் கால்குலேட்டரான எஃப்எக்ஸ்-7000ஜி-யைக் கேசியோ 1985-இல் வெளியிட்டது. 1990-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-81-ஐக் கொண்டு வந்தது. அதே குடும்பத்தில் 2004-இல் வந்த டிஐ-84 பிளஸ்தான் அமெரிக்கப் பள்ளிகளில் இன்றுவரை மாணவர் பையில் கிடப்பது. அதன் திரையில் குறுக்கே 96, நெடுக்கே 64, மொத்தம் 6,144 புள்ளிகள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மலிவான கைப்பேசியின் திரையில் பத்து லட்சத்துக்கு மேல் புள்ளிகள் உண்டு. அப்படியிருந்தும் அந்தக் கருவி அங்கே விலை குறையாமல் விற்கக் காரணம், அங்குள்ள பாடமும் தேர்வும் அதைக் கேட்டன. அங்கே பள்ளிப் பிள்ளைகள் கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி கால்குலஸ் தேர்வில் ஒரு பகுதிக்குக் கிராஃபிங் கால்குலேட்டர் இல்லாமல் விடை எழுத முடியாது. நம் தேர்வில் அப்படி ஒரு கேள்விகூட இல்லை. அங்கேயும் காலம் மாறிவிட்டது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு கணினிக்கு மாறியபோது டெஸ்மாஸ் கிராஃபிங் கால்குலேட்டரைத் தேர்வுத் திரைக்குள்ளேயே இலவசமாக வைத்துவிட்டார்கள். அவர்களே பிள்ளையின் பையிலிருந்து எடுத்துவிட்ட சுமையை நாம் நம் பிள்ளையின் பையில் ஏற்ற வேண்டுமா?

சரி, எது போதும்? என் வகுப்பில் என்ன செய்கிறேன் என்பதையே சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் பதினான்கு சயின்டிஃபிக் கால்குலேட்டர்கள். படித்து முடித்துப் போன பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போனவை. அவற்றில் மூத்தது நான் படித்த காலத்தில் ஒரு சீனியர் அக்காவிடம் 300 ரூபாய்க்கு வாங்கிய கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ். விசைகளில் எண்கள் அழிந்து போனதால் நகப்பாலிஷால் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் வேலை செய்கிறது. டின்னுக்குள் சாக்பீஸ் துண்டுகளைப் போட்டு வைப்பேன், ஈரம் இழுக்க. பாம்பன் காற்றில் ஒரு வருடம் திறந்து கிடந்தால் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். இங்கே கருவி தேர்ந்தெடுக்கிறவர்கள் இதையும் பார்த்தாக வேண்டும். 991 வரிசையில் இருப்பது ஒரு பட்டன் பேட்டரி, துணைக்குச் சூரியத் தகடு. களிம்பு ஏறினால் பழைய டூத்பிரஷ்ஷில் எலுமிச்சைச் சாறு தொட்டு நானே துடைத்துவிடுவேன். நீங்கள் சொன்ன வண்ணத்திரைக் கருவி பழுதானால் என்ன செய்வது என்று இராமேஸ்வரத்திலும் இராமநாதபுரத்திலும் நான் விசாரித்த கடைகளில் கேட்டேன். ஒருவரும் திறந்து பார்க்க முன்வரவில்லை.

இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது எஃப்எக்ஸ்-991ஈஎஸ் பிளஸ். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் புத்தகத்தில் இருப்பது போலவே காட்டும். 3×3 அணி, கலப்பெண், வரையறுத்த தொகையீடு, மூன்று மாறிகள் வரை ஒருங்கமை சமன்பாடு, முப்படிச் சமன்பாடு எல்லாம் அதில் உண்டு. முதல் செமஸ்டரின் அணிகளுக்கும் நுண்கணிதத்துக்கும் இது தாராளம். இதைவிட மலிவு என்று எஃப்எக்ஸ்-82எம்எஸ் வாங்கி வருகிறவர்களை மட்டும் தடுப்பேன். அதில் அணியும் இல்லை, தொகையீடும் இல்லை. நானூறு ஐந்நூறு மிச்சம் பிடிக்கப் போய் அடுத்த செமஸ்டரில் மறுபடி வாங்க வேண்டி வரும்.

இந்த ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க் கருவி வளைகோடு வரையாது. ஆனால் அதில் டேபிள் என்று ஒரு பயன்முறை இருக்கிறது. எக்ஸ்³ − 2எக்ஸ் − 5 என்ற கோவையைத் தட்டி, −3-இல் தொடங்கு, 3-இல் முடி, 0.5 இடைவெளி என்று கொடுத்தால் பதின்மூன்று வரிசையில் அட்டவணை வந்துவிடும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே எட்டு மதிப்பெண் வரைபடக் கேள்விக்காக அளவுத்திட்டம் எழுதி, அட்டவணை போட்டு, பரவளையம் வரைந்து கை பழகியவர்கள். 2-க்கு −1 வருகிறது, 2.5-க்கு 5.625 வருகிறது. குறி மாறுகிறதே, அப்படியானால் கோடு எக்ஸ் அச்சை இதற்கு நடுவில் எங்கேயோ வெட்டுகிறது என்பதை யாரும் சொல்லாமலேயே கண்டுபிடிக்கிறார்கள்.

சமன்பாட்டின் தீர்வைப் படிப்படியாக நெருங்குகிற, அடுத்த செமஸ்டரில் வரும் நியூட்டன்-ராப்சன் முறைக்கும் இதே சமன்பாட்டைத்தான் எடுப்பேன். நியூட்டனே தன் முறையை விளக்க எடுத்துக்கொண்டது இது. 2 என்று தட்டிச் சமக்குறியை அழுத்தச் சொல்வேன். பிறகு எக்ஸ் வர வேண்டிய இடத்திலெல்லாம், முந்தைய விடையைத் தரும் ஆன்ஸ் விசையை வைத்துச் சூத்திரத்தை ஒரே ஒரு முறை எழுதச் சொல்வேன். அதன்பின் சமக்குறியை அழுத்த அழுத்த 2.1, 2.094568121, 2.094551482 என்று விடை தானாகவே போய் ஓரிடத்தில் நிற்கும். முதல்முறை பார்த்த அன்று உங்கள் மாணவி அதே விசையை இருபது தடவை அழுத்தி, "அக்கா, இதுக்கு மேல நகர மாட்டேங்குது!" என்றாள். ஒருங்குதல் என்றால் என்ன என்று அவளுக்கு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

வளைகோடு கண்முன்னே அசைய வேண்டும் என்றால், அதற்கு இலவசமான வழி இருக்கிறது. 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவர் தொடங்கிய ஜியோஜீப்ரா இன்று கைப்பேசியிலும் கணினியிலும் ஓடுகிறது. ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். தங்கச்சிமடத்தில் மழைக்காலத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஏ சைன் பிஎக்ஸ் என்று கொடுத்து, ஏ-யையும் பி-யையும் விரலால் நகர்த்தினால் அலை உயர்வதும் நெருங்குவதும் தெரியும். கரையில் வளர்ந்த பிள்ளைக்கு வீச்சும் அலைநீளமும் ஒரு நிமிடப் பாடம். இரட்டைத் தொகையீட்டில் எந்தப் பகுதியின் மேல் தொகையிடுகிறோம் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். அதை முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டலாம். நீங்கள் வாங்கச் சொன்ன கருவியின் கையகலத் திரையில் அது இவ்வளவு தெளிவாக வராது.

எல்லாப் பெண் பிள்ளைகளிடமும் சொந்தக் கைப்பேசி இல்லை. வீட்டுக்கு ஒன்றுதான், அதுவும் அண்ணனிடமோ அப்பாவிடமோ இருக்கும். வகுப்புக்குக் கைப்பேசி கொண்டு வரக் கூடாது என்பது உங்கள் விதி, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களிடம் கணினி ஆய்வகம் இருக்கிறதே. என் வகுப்பில் இருப்பது விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஒரு மாணவியின் அக்காவுக்குக் கிடைத்த பழைய மடிக்கணினி. மூடி ஒரு பக்கம் உடைந்துவிட்டது. ஜியோஜீப்ரா அதிலேயே ஓடுகிறது என்றால் உங்கள் ஆய்வகத்தில் ஓடாதா?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உங்கள் கண்ணில் படவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பன்னிரண்டாம் வகுப்புவரை நம் பிள்ளைகள் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் மடக்கை அட்டவணையைப் புரட்டித்தான் கணக்குப் போட்டார்கள். சயின்டிஃபிக் கால்குலேட்டரைக் கையில் எடுப்பதே உங்கள் கல்லூரிக்கு வந்த பிறகு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாராவது ஒரு மணி நேரம் சொல்லித் தருகிறீர்களா? இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் படித்த பையன் முதல் செமஸ்டர் கணிதத்தில் தோற்று வந்தான். என் எதிரில் உட்கார வைத்து, சைன் எக்ஸை 0 முதல் பை வரை தொகையிடச் சொன்னேன். விடை 2 வர வேண்டும். அவன் கால்குலேட்டரில் 0.0861 என்று வந்தது. திரையின் மேல் ஓரத்தில் 'டி' என்று சின்னதாக நிற்கிறது. டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாற்ற வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு செமஸ்டர் முழுக்கத் தன் மூளையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த 'டி'யைப் பார்க்கச் சொல்லித் தந்திருந்தால் ஐந்து பைசா செலவில்லாமல் அவன் தேறியிருப்பான். பதினோராயிரம் ரூபாய்க் கருவியிலும் அதே டிகிரியும் ரேடியனும்தான் இருக்கின்றன.

கிராஃபிங் கால்குலேட்டர் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். கீழக்கரைக்காரர் ஒருவர், துபாயில் வேலை, மகன் அங்கே ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் படிக்கிறான், எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். அந்தப் பாடத்திட்டக் கணிதத்துக்கு அது கட்டாயம் தேவை. அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, தேர்வு விதியைப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள் என்பது. இயற்கணிதத்தைத் தானே சுருக்கித் தருகிற சிஏஎஸ் வகையை ஐபி அனுமதிப்பதில்லை. கேம்பிரிட்ஜ் ஏ லெவல் கணிதத்தில் கிராஃபிங் கால்குலேட்டருக்கே இடமில்லை. விதி இடம் கொடுத்தால், கறுப்பு வெள்ளைத் திரை உள்ள எஃப்எக்ஸ்-9750ஜிஐஐஐ போன்றது போதும், நான்கு சிறிய பேட்டரியில் ஓடும், வண்ணத்திரைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு மதிப்பெண்ணாகத் திரும்பி வராது என்றேன். பழையது கிடைத்தால் பேட்டரி அறையைத் திறந்து பார்த்து, எல்லா விசையையும் ஒருமுறை அழுத்திப் பார்த்து வாங்குங்கள் என்றேன். அவருக்கு அது தேவை, அவரால் முடியும். தேவையும் இல்லாத, முடியவும் முடியாத வீடுகளின் மேல் நீங்கள் அதைச் சுமத்தியிருக்கிறீர்கள்.

"எல்லாரும் வாங்கிட்டாங்க" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்களே, எப்படி வாங்கினார்கள் என்று விசாரித்தீர்களா? எனக்குத் தெரிந்த மூவரில் ஒருவர் மீட்டர் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். இன்னொரு வீட்டில் தம்பியின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் போயிருக்கிறது. மூன்றாவது, படகு உரிமையாளரிடம் முன்பணம். அந்த அப்பா இனி அந்தக் கடன் தீரும்வரை வேறு படகுக்கு மாற முடியாது. வகுப்பில் மகள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக இவ்வளவும் செய்திருக்கிறார்கள்.

உங்கள் முதலாமாண்டில் ஒரு பிரிவுக்கு அறுபது பேர். அறுபது பேருக்கு 11,500 என்றால் 6,90,000 ரூபாய், ஒரே ஒரு பிரிவிலிருந்து. அதில் எட்டில் ஒரு பங்கு இருந்தால் அந்த அறுபது பேருக்கும் ஆளுக்கொரு 991 வாங்கிக் கல்லூரி நூலகத்தில் வைத்து, புத்தகம் போல இரவல் கொடுத்து, நான்கு வருடம் கழித்துத் திரும்ப வாங்கி அடுத்த தொகுதிக்குக் கொடுக்கலாம்.

ஆகவே நான் கேட்பது இவை. சுற்றறிக்கையை எழுத்தில் ரத்து செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வாய்மொழியாகத் தளர்த்தினால் போதாது, அடுத்த ஆண்டு மறுபடி முளைக்கும். தேர்வறை அனுமதிக்கிற எந்த சயின்டிஃபிக் கால்குலேட்டரும், எந்த நிறுவனத்துடையதும், பழையதும் புதியதும் டுடோரியல் வகுப்புக்குப் போதும் என்று அதில் எழுதுங்கள். இனி எந்தக் கருவியை வாங்கச் சொன்னாலும் கடையின் பெயரைக் குறிப்பிடாதீர்கள், விலையைக் குறிப்பிடுங்கள், வாங்க முடியாதவர் யாரை வந்து பார்க்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

இதுவரை வாங்கியவர்களில் திருப்பிக் கொடுக்க விரும்புகிறவர்களுடைய கருவியைக் கடை திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க நீங்கள் பேச வேண்டும். நீங்கள் காட்டிய கடை, நீங்கள் கேட்டால் செய்வார்கள். அவர்கள் மறுத்தால் கல்லூரியே ஐந்தாறு கருவிகளை அந்த விலைக்கு எடுத்துக் கணித ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஆசையுள்ள பிள்ளைகள் அங்கே பழகட்டும்.

கருவி இல்லை என்பதற்காக இன்டர்னல் மார்க்கில் குறைத்த ஐந்தை எல்லோருக்கும் திரும்பப் போடுங்கள். செமஸ்டரின் முதல் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ரேடியன், டிகிரி மாற்றுவதில் தொடங்கி அணி, தொகையீடு, டேபிள் வரைக்கும் கால்குலேட்டரைச் சொல்லிக் கொடுங்கள். ஆளில்லை என்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், தங்கச்சிமடத்திலிருந்து பேருந்துச் செலவும் வேண்டாம். கணினி ஆய்வகத்தில் ஜியோஜீப்ராவை ஏற்றி, வாரம் ஒரு மணி நேரம் முதலாமாண்டுக்குத் திறந்துவிடுங்கள்.

முதலாமாண்டு டுடோரியல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்று கால அட்டவணையில் பார்த்தேன். என் டின்னிலிருந்து ஒரு 991-ஐ எடுத்து, பேட்டரி மாற்றி, அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். அதோடுதான் வருவாள். அவளை உள்ளே உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை,
தங்கச்சிமடம்.